நீண்ட நாள் எடுத்துவைக்கும் துப்பாக்கியில் துரு ஏறாமல் இருக்க

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் வைத்துப் பூட்டினேன். 11 மாதம் கழித்துத் திறந்தால் குழலின் நடுவில் செம்பழுப்பாக நான்கு கோடுகள். உற்றுப் பார்த்தபோதுதான் அவை என் விரல் தடங்கள் என்று புரிந்தது. பெட்டிக்குள் இறக்கும்போது எங்கே பிடித்தேனோ, சரியாக அங்கே துரு ஏறியிருந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தது.

எண்ணெய் போட்டும் ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்து, செய்து பார்த்து, இப்போது மூன்றாவது வருடமாக ஒரு புள்ளித் துருகூட இல்லாமல் வைத்திருக்கிறேன். முதல்முறை எடுத்துவைக்கிறவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன். துப்பாக்கியைக் கழற்றி மறுபடி சேர்ப்பது எப்படி என்பதைத் துப்பாக்கியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அது மாடலுக்கு மாடல் மாறும்.

படி 1: காலியா என்று பாருங்கள்

தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இருந்தால் கழற்றுங்கள். வேலை செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பத்து நிமிடம் எழுந்து போய் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

படி 2: குழலின் உட்புறம்

துப்பாக்கி சுத்தம் செய்யும் கரைப்பானில் நனைத்த துணித்துண்டு, பிறகு வெண்கல பிரஷ், பிறகு காய்ந்த துணி. துணி வெள்ளையாக வெளியே வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். முடிந்தவரை தோட்டா போடும் பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யும் கம்பியை விடுங்கள். குழல் வாய்ப் பக்கம் கம்பி உரசித் தேய்ந்தால் குறி கெடும்.

பழைய ராணுவத் தோட்டாக்களையோ கருமருந்தையோ சுட்டிருந்தால் இது போதாது. தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது பிரைமர்; பழைய பிரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்ட பிறகு பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படிந்துவிடும். அது சாப்பாட்டு உப்பின் உறவுதான். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கரைப்பானிலும் எண்ணெயிலும் கரையாது. சூடான தண்ணீரில்தான் போகும். இரும்புக்குள் தண்ணீர் விடுவதா என்று தயங்க வேண்டாம். சூடான தண்ணீர் விட்டால் குழலும் சூடாகிச் சீக்கிரம் காயும். அப்புறம் காய்ந்த துணிகளை விட்டு எடுத்து, உடனே எண்ணெய் காட்டிவிட வேண்டும்.

படி 3: உப்பை எடுப்பது

நான் சறுக்கியது இங்கேதான்.

வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் கையால் குழலைத் தொட்டால் அவை படிந்துவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். மெல்லிய எண்ணெய்ப் படலம் வழியாக ஈரம் மெதுவாக உள்ளே போகும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். இரும்பின்மேல் ஒரு துளி உப்புத் தண்ணீர், அதன்மேல் எண்ணெய். என் பெட்டிக்குள் 11 மாதமும் இதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உலோகப் பாகத்தில் இருக்கும் பழைய எண்ணெயையும் அழுக்கையும் கரைப்பானால் துடைத்தெடுங்கள். அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் ஒரு தடவை துடையுங்கள். உப்பை எடுப்பது இந்தத் தண்ணீர்தான். கரைப்பானால் துடைத்தாலே போதும் என்று பலரும் சொல்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மரக்கட்டைப் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைத்த கையோடு காயவைக்க வேண்டும். முடி உலர்த்தும் ஹேர் டிரையர் நன்றாக உதவும். இரும்பு கைக்கு வெதுவெதுப்பாகும்வரை காட்டுங்கள், பொறுக்க முடியாத சூடு வேண்டாம். சந்து பொந்துகளில், திருகுத் தலைகளைச் சுற்றி, குழல்கள் இரண்டும் சேரும் பள்ளத்தில் கொஞ்சம் அதிக நேரம் காட்டுங்கள்.

இதிலிருந்து பெட்டியைப் பூட்டும்வரை நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெயை அது உறிஞ்சிவிடுகிறது, கை வியர்த்தால் வியர்வையும் அதன் வழியாகக் கடந்து வருகிறது.

படி 4: காப்புப் பூச்சு

துப்பாக்கியின் நீலக்கருப்பு நிறம் துருவைத் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ப்ளூயிங் என்பதே இரும்பு ஆக்சைடின் ஒரு வகை, மேக்னடைட். அதில் நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் பெரிய உதவி. எண்ணெய் இல்லாத ப்ளூயிங் துரு பிடிக்கத்தான் செய்யும்.

டபிள்யூடி-40 பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1953-ல் உருவான அந்தக் கலவையின் பெயருக்கே நீரை விலக்கும் கலவை, 40-வது முயற்சி என்று பொருள். நீரை விலக்க நான் அதை விரும்பியே பயன்படுத்துகிறேன், காயவைத்த பிறகு சந்துகளில் தெளித்துத் துடைத்தெடுப்பேன். ஆனால் அதையே காப்புப் பூச்சாக விட்டுவைப்பதில்லை. அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சும் படலம் மிக மெல்லியதாக இருக்கும்.

மூன்று மாதத்துக்குள் திரும்ப எடுப்பதாக இருந்தால், துரு தடுப்புக்கென்றே விற்கும் நல்ல துப்பாக்கி எண்ணெய் போதும். ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் நான் கிரீஸ் வகைக்குத்தான் போவேன். ராணுவக் கிடங்குகளில் பல பத்தாண்டுகள் கிடந்த ரைபிள்கள் பிழைத்து வந்தது காஸ்மோலின் என்ற கெட்டியான பெட்ரோலிய மெழுகுப் பூச்சால்தான். துடைத்தெடுப்பது பெரும்பாடு, ஆனால் காக்கும். வீட்டில் வைப்பதற்கு அவ்வளவு கெட்டியாக வேண்டியதில்லை. மெல்லிய துரு தடுப்பு கிரீஸை, துணியில் எடுத்து வெளிப்புறம் முழுக்கப் பூசினால் சரி. குழலுக்குள்ளும் ஒரு மெல்லிய பூச்சு விடுங்கள்.

குழலுக்குள் பூசிய அன்றே ஒரு அட்டையில் "குழலில் கிரீஸ் இருக்கிறது, துடைக்காமல் சுடக் கூடாது" என்று எழுதி விசைக் காப்பில் கட்டிவிடுங்கள். கிரீஸோ அதிக எண்ணெயோ இருக்கும் குழலில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குழல் வாயைத் துணியால் அடைத்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கும், மறந்து சுட்டால் குழல் வெடிக்கும்.

படி 5: எங்கே, எப்படி வைப்பது

ஸ்பாஞ்ச் பெட்டி எடுத்துப் போவதற்கு மட்டும்தான். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தோல் உறையும் அப்படித்தான், பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும்.

பூட்டக்கூடிய இரும்பு அலமாரியே நல்லது. தோட்டாக்களை வேறு இடத்தில் தனியாகப் பூட்டுங்கள். பழைய துப்பாக்கி என்றால் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துவேன். இல்லாவிட்டால் எண்ணெய் மெல்ல வழிந்து, உலோகமும் கட்டையும் சேரும் இடத்தில் ஊறி மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும்.

அலமாரிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 60-ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். 30-க்குக் கீழே போனால் கட்டை சுருங்கி வெடிக்கக் கூடும். இதை அளக்கச் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வேண்டும், அதைச் சோதிக்காமல் நம்பவும் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் பையில் போட்டு இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. அதாவது 48 என்று நான் நிம்மதியாக இருந்த நாட்களில் உண்மையில் 57 வாக்கில் இருந்திருக்கிறது. இப்போது மீட்டரின் முதுகில் "9 கூட்டு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல் மணிகள். மூடிய இடத்தில்தான் அது பயன்படும், கதவில் இடுக்கு இருந்தால் ஊர் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுச் சீக்கிரமே ஓய்ந்துவிடும். எனவே முதலில் கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஈரம் ஏறும்போது மாறும் மணியின் நிறத்தைவிட எடையைத்தான் நான் நம்புகிறேன். 500 கிராம் மணியைக் காய்ந்த நிலையில் எடைபோட்டு டப்பாமேல் எழுதிவைப்பேன். 600 கிராம் ஆனதும் எடுத்து 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்கினால் பழையபடி வேலைசெய்யும்.

மின்சார வசதி இருந்தால் அலமாரியின் அடியில் வைக்கும் சூடேற்றும் கம்பி இதைவிட நல்லது. அது ஈரத்தை உறிஞ்சாது. உள்ளே இருக்கும் காற்றையும் இரும்பையும் வெளியைவிடச் சற்றுச் சூடாக வைத்திருக்கும், அதனால் பனி படியாது. 25 டிகிரியில் 60 சதவீத ஈரம் உள்ள காற்று, 16 டிகிரிக்குக் குளிர்ந்த இரும்பைத் தொட்டாலே நீர்த்துளி கட்டிவிடும். ராத்திரியில் குளிரும் சுவரோடு அலமாரியை ஒட்டி வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

படி 6: எட்டிப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கையுறையோடு எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பூச்சு மெலிந்த இடத்தில் மட்டும் தடவி வைத்தால் போதும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், ஸ்டெயின்லெஸ் துப்பாக்கிக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டிருந்தார். தேவைதான். துரு பிடிக்க நாளாகும், ஆனால் பிடிக்கும், அதிலும் உப்பு பட்டால்.

இன்னொருவர் கையில் கிடைத்த சமையல் எண்ணெயைப் பூசி வைத்து, ஆறு மாதத்தில் தோட்டா அறையை மூடும் போல்ட் அசையவில்லை என்று எழுதினார். தாவர எண்ணெய்கள் பல காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும். தாதுஎண்ணெயே போடுங்கள்.

நீல நிற சிலிக்கா ஜெல்லைச் சமையல் அடுப்பில் சூடாக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடலுக்குக் கெடுதி. சமையலுக்குப் பயன்படுத்தாத தனி அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நிறமில்லாத மணியை வாங்கி எடைபோட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே துரு பிடித்துவிட்டதே என்று கேட்டவர்கள்தான் அதிகம். மேலோட்டமான துரு என்றால் எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, 0000 எண் ஸ்டீல் வூலால் (மிக மெல்லிய இரும்பு நார்) அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். உப்புத்தாளும் வினிகரும் வேண்டாம். துருவை எடுக்கும் அமிலம் ப்ளூயிங்கையும் சேர்த்தே எடுத்துவிடும், இரண்டுமே இரும்பு ஆக்சைடுதானே. என் குழலில் நிறம் தப்பியது. இரண்டு இடத்தில் மட்டும் ஊசி குத்தியதுபோல் சின்னக் குழி விழுந்திருக்கிறது, வெளிப்புறத்தில்தான். குழலுக்கு உள்ளேயோ தோட்டா அறையிலோ அப்படிக் குழி தெரிந்தால் சுட வேண்டாம், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.