தோட்டத்தில் பனை இன மரங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேரான தண்டு, உச்சியில் மட்டும் ஒரு கொண்டை, காற்றுக்குச் சலசலக்கும் ஓலை. வெப்பமான ஊர்களில் வெற்று முற்றத்தைச் சீக்கிரம் தோட்டமாக்க வேறு மரம் இவ்வளவு உதவாது. ஆனால் கிளைவிடும் மரத்தைப் பராமரிப்பது போலவே இவற்றையும் பராமரிப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. பனை இனத்துக்கு வைரம் வெளிப்புறத்தில் இருக்கும், நடுவில் சோறு. மற்ற மரங்களில் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புதுத் திசுவை வளர்க்கும் படலம் இதற்கு இல்லை. அதனால் தண்டில் பட்ட காயம் மூடாது, மெலிந்த இடம் பிறகு பருக்காது. ஒற்றைத்தண்டு வகையில் உச்சிக் குருத்து போனால் மரமே போய்விடும்.

இடம் பார்க்காமல் வகையைத் தேர்ந்தெடுப்பது

நாற்றங்காலில் இடுப்புயரம் நிற்கும் வாஷிங்டோனியா ரோபஸ்டா என்ற விசிறிப்பனை 25 மீட்டரைத் தாண்டக்கூடியது. தாழ்ந்த வீட்டின் முன்னால் வைத்தால், சில ஆண்டுகளில் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கம்பம் மட்டும்தான் மிஞ்சும். கொண்டை எங்கோ மேலே போயிருக்கும். மின்கம்பிக்குக் கீழே வைத்தவர்கள் பிறகு உச்சியை வெட்டி உயரத்தைக் குறைக்கவும் முடியாது.

ராயல் பாமில் காய்ந்த மட்டை தானாகவே கழன்று விழும். வேலை மிச்சம்தான்; ஆனால் 3 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கனத்த மட்டை விழும் இடத்தில் காரை நிறுத்தினால் அழகு பார்க்க மனம் வராது. ஈச்சை வகைகளில் மட்டையின் அடியில் நீண்ட, கூரான முள் இருக்கும். நடைபாதை ஓரத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் அது ஆகாது. கூந்தற்பனையின் பழச்சதை தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். தவிர, அது ஒருமுறை பூக்கத் தொடங்கினால் மேலிருந்து கீழாகச் சில ஆண்டுகள் பாளை விட்டுக் காய்த்து, அத்தோடு தண்டு பட்டுப்போகும். அது நோயல்ல, இயல்பு. தாளிப்பனையும் ஒரே முறை பூத்து மடிவதுதான். இவற்றை வாசலின் முக்கிய மரமாக வைக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

வேர் சுவரை உடைத்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். பனை இன வேர் ஒருமுறை வந்த பருமனிலேயே இருக்கும். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது என்பதற்கு உண்மையான காரணம் ஓலை: ஒரு பக்கம் உரசி உரசிக் கிழிந்து, கொண்டை ஒருக்களித்துப் போகும்.

ஆழமாக நடுவது

சாயாமல் நிற்கட்டும் என்று ஆழக் குழிதோண்டித் தண்டின் அடியையும் சேர்த்துப் புதைப்பதைப் போலப் பரவலான தவறு வேறில்லை. மரம் உடனே சாகாது, அதுதான் சிக்கல். தூரில் காற்றோட்டம் குறைந்து வேர் மெல்லத் திணறும். ஓரிரு ஆண்டுகள் கழித்துப் புது ஓலை வெளிறிச் சிறுத்து வரும்போது உரம் போதவில்லை என்றே தோன்றும். குழியின் ஆழம் வேர்மண் உருண்டையின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் போதும், அகலம் கூடலாம். தூரும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும். மேலேறி நின்றாலும் புது வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, தண்ணீர் விட்டுக் காற்றுப்பை இல்லாமல் அமர்த்துங்கள். நடும் குழிக்குள் உரம் போட வேண்டாம்.

வளர்ந்த மரத்தைப் பெயர்த்து நடுபவர்கள் எல்லா வகையையும் ஒரே மாதிரி கையாளுகிறார்கள். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி பிழைத்துக் கிளைக்கும். சபால் பால்மெட்டோ என்ற பனை வகையில் அநேகமாக எல்லாமே செத்து, தூரிலிருந்து புதிதாகத்தான் வேர் வர வேண்டும். அதனால் அதற்கு மட்டும் ஓலை முழுவதையும் கழித்துவிட்டு நடுவார்கள். மற்ற வகைகளில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கழித்து, மீதியைக் குருத்தைச் சுற்றித் தளரக் கட்டலாம்.

முட்டுக் கொடுக்கும்போது தண்டில் ஆணி அடிக்காதீர்கள். சாக்கைச் சுற்றி, அதன்மேல் சிறு மரக்கட்டைகளை நிறுத்திப் பட்டையால் இறுக்கி, முட்டுக்கம்புகளை அந்தக் கட்டைகளில் அறையுங்கள். முதல் 4–6 மாதங்கள் வேர்மண் காயக் கூடாது. இந்தக் கட்டத்தில் தண்ணீர் தவறினால் தண்டு அந்த உயரத்தில் ஒடுங்கும். பிறகு எவ்வளவு கவனித்தாலும் அந்த இடுப்பு நிரந்தரம்.

பச்சை ஓலையைக் கழிப்பது

குருத்தைச் சுற்றி நாலைந்து ஓலையை மட்டும் விட்டு மொட்டையடிப்பதைச் சிலர் சுத்தம் என்கிறார்கள், சிலர் புயலுக்கு நல்லது என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. சுற்றி ஓலை இல்லாத குருத்து காற்றில் தனியாக ஆடும். உணவு தயாரிக்கும் இலையும் போய்விடுகிறது. தரைக்கு இணையாக நீளும் ஓலைக்கு மேலே உள்ள எதையும் தொட வேண்டாம். முற்றிலும் பழுப்பானதையும், காய் வேண்டாமென்றால் பாளையையும் எடுத்தால் போதும்.

அடியோலை மஞ்சளாவதைப் பார்த்து அதையும் வெட்டுவது அடுத்த தவறு. பொட்டாசியம் குறையும்போது மரம் பழைய ஓலையிலிருந்து அதை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. அந்த ஓலையை எடுத்துவிட்டால், அதற்கு அடுத்த வரிசையிலிருந்து எடுக்கத் தொடங்கும். குறை மேலே ஏறிக்கொண்டே போகும். கொண்டை சுருங்கி, தண்டும் நுனியில் பென்சில் சீவியது போலக் கூம்பும்.

மட்டை கழிக்கும் கருவி நோயையும் கடத்தும். கேனரித் தீவு ஈச்சையைக் கொல்லும் ஃபியூசேரியம் வாடல் என்ற பூஞ்சை நோய் முக்கியமாக ரம்பத்தின் வழியாகத்தான் மரத்துக்கு மரம் போகிறது. சங்கிலி ரம்பத்தைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் அந்த மரத்துக்குக் கைரம்பமே மேல். ஒரு பங்கு வீட்டு பிளீச், மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ரம்பத்தை 5 நிமிடம் ஊறவைத்துக் கழுவிய பிறகே அடுத்த மரத்துக்குப் போகவும்.

குறையை அறியாமல் உரம் போடுவது

எந்த ஓலையில் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். அடியோலையில் ஆரஞ்சு, மஞ்சள் புள்ளியும் நுனிக்கருகலும் இருந்தால் பொட்டாசியம். அடியோலையின் ஓரம் அகலமாக மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாகவே நின்றால் மெக்னீசியம். புது ஓலை சிறுத்து, கருகி, முறுக்கிக்கொண்டு வந்தால் மாங்கனீசு. இதைக் கவனிக்காவிட்டால் குருத்தே போகும். புது ஓலை மடிப்புப் பிரியாமல், நுனி கொக்கி போல வளைந்து வந்தால் போரான். பாதிக்கப்பட்ட ஓலை மறுபடி பச்சையாகாது. பொட்டாசியக் குறை உள்ள கொண்டை முழுக்க மாறிவர ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.

புல்வெளிக்குப் போடும் தழைச்சத்து மிகுந்த உரம் பக்கத்துப் பனைக்கும் போய்ச் சேரும். பொட்டாசியக் குறையை அது இன்னும் மோசமாக்கும். மணற்பாங்கான மண்ணுக்குப் புளோரிடா பல்கலைக்கழகம் சொல்லும் விகிதம் தழைச்சத்து 8, மணிச்சத்து 2, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 12, மெக்னீசியம் 4. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மெக்னீசியமும் மெதுவாகக் கரையும் வடிவில் இருக்க வேண்டும். அளவு சதுர மீட்டருக்கு 70–75 கிராம், 3 மாதத்துக்கு ஒருமுறை. தூரில் குவிக்காமல் கொண்டையின் கீழ்ப்பரப்பு முழுவதும் தூவுங்கள்.

தண்டைக் காயப்படுத்துவது

அலங்கார விளக்குக்கு ஆணி, ஏறுவதற்கு இரும்பு முள் செருப்பு, புல்வெட்டும் இயந்திரத்தின் கம்பி என எது பட்டாலும் காயம் அப்படியே நிற்கும். ஈரக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். உள்ளே புழு குடைவது வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தூரைச் சுற்றி ஒரு முழம் வரை புல் இல்லாமல் வைத்துக்கொண்டு 5–8 செ.மீ. மூடாக்கு போட்டால் இயந்திரம் அருகில் வராது. மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள்.

தண்டின் அடி ஒன்றரை மீட்டருக்குள் தட்டு போன்ற காளான் முளைத்தால் அது கனோடெர்மா அடித்தண்டழுகல். மருந்து கிடையாது. மரம் முறிந்து விழும் முன் எடுத்துவிட வேண்டும். வேரையும் தூரையும் தோண்டி அகற்றினாலும் பூஞ்சை மண்ணில் தங்கும். அந்தக் குழியில் இன்னொரு பனை இன மரத்தை வைக்காமல் கிளைவிடும் மரம் எதையாவது நடுங்கள்.