ஒன்றரை ஜிபி இரவுவரை நிற்பதற்கு

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு மாலை, கோயம்புத்தூரிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு தம்பி கோத்தகிரிக்கு வந்துகொண்டிருந்தான். மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டதை ஊரார் ஒருவர் படமெடுத்து, எழுத்தில் ஒன்றும் சேர்க்காமல், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து மணிக்கே போட்டிருக்கிறார். என் கைபேசியில் அந்தப் படம் மங்கிய சதுரமாகவே நின்றது. நடுவில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என் ரீசார்ஜ் திட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் 1.5 ஜிபி டேட்டா அன்று நான்கு மணிக்கே தீர்ந்திருந்தது. தம்பி பாதி மலை ஏறிய பிறகு விவரம் தெரிந்து, கீழே இறங்கி, குன்னூர் வழியாக இரவு ஒன்பது மணிக்குத்தான் அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தான். அன்று பகல் முழுவதும் நான் தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். கைபேசியைக் கையில் எடுத்ததே நான்கைந்து முறைதான். நான் பார்க்காத ஒன்றரை ஜிபி எங்கே போனது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கற்றதை, என்னைப் போலவே வீட்டில் வைஃபை இல்லாத மலை ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

நாள் வரம்பு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. பெரும்பாலான திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், இது நொடிக்கு 8 கிலோபைட் மட்டுமே. அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு படம் இறங்க, சிக்னல் முழுதாக இருந்தால்கூட, இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நம் சரிவுகளில் சிக்னல் முழுதாக இருப்பது அரிது. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மற்றச் செயலிகளும் அதே எட்டு கிலோபைட்டில் பங்கு கேட்கும்.

ஆகவே முதல் வேலை, எதையும் அணைக்காமல், செலவு எங்கே நடக்கிறது என்று பார்ப்பது. ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸைத் திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் உங்கள் சிம்மின் பெயரைத் தொட்டால், 'ஆப் டேட்டா யூசேஜ்' என்ற வரி கிடைக்கும். சாம்சங்கில் இது 'கனெக்ஷன்ஸ்' என்பதன் கீழ் 'டேட்டா யூசேஜ்' என்று இருக்கும். வேறு நிறுவனங்களின் கைபேசிகளில் இடம் சற்று மாறலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'டேட்டா' என்று எழுதினாலே வந்துவிடும். அங்கே செயலிகள் அதிகம் தின்றது முதலில் வருமாறு வரிசையாக நிற்கும். பலர் இந்த வரிசையைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான விவரம் அதற்கு அடுத்த திரையில் இருக்கிறது. ஒரு செயலியின் பெயரைத் தொட்டால் 'ஃபோர்கிரவுண்ட்', 'பேக்கிரவுண்ட்' என்று இரண்டு கணக்குகள் தோன்றும். முன்னது நீங்கள் அந்தச் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆன செலவு. பின்னது நீங்கள் பார்க்காதபோது அது தானாகச் செய்த செலவு.

என் வரிசையில் முதலிடம் கூகுள் போட்டோஸுக்கு. அதைத் தொட்டபோது ஃபோர்கிரவுண்ட் 61 எம்பி என்றும், பேக்கிரவுண்ட் 9 ஜிபிக்கு மேல் என்றும் காட்டியது. மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புள நோய் வரும். நோய் கண்ட இலைகளை, ஆலோசனை கேட்பதற்காக, படமும் வீடியோவுமாக எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ 100 எம்பியைத் தொடக்கூடும். அவற்றை எல்லாம் அந்தச் செயலி சட்டைப்பையில் இருந்தபடியே இணையச் சேமிப்பில் ஏற்றியிருக்கிறது. கைபேசி வாங்கிய நாளில் வந்த ஏதோ ஒரு கேள்விக்குப் படிக்காமல் 'சரி' என்று நான் தொட்டதன் விளைவு இது. செயலியில் வலப்பக்க மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, போட்டோஸ் செட்டிங்ஸில் 'பேக்அப்' பகுதிக்குப் போனால், மொபைல் டேட்டாவில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பு இருக்கும். அதில் மொபைல் டேட்டாவே வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் கைபேசியிலேயே பத்திரமாக இருக்கும். வைஃபை உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஏறிக்கொள்ளும்.

அடுத்தது வாட்ஸ்அப். பசுந்தேயிலை விலை, பேருந்து நேரம், கோயில் திருவிழா, பள்ளி வகுப்பு என்று நம்மில் யாருக்கும் பத்துக் குழுக்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் காலை வணக்கப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதியைத் திறந்து, 'வென் யூசிங் மொபைல் டேட்டா' என்ற வரியில் படம், ஒலி, வீடியோ, ஆவணம் ஆகிய நான்கு கட்டங்களின் குறியையும் எடுத்துவிடுங்கள். இனி எதுவும் தானாக இறங்காது. நீங்கள் தொட்டது மட்டும் இறங்கும். குரல் செய்திகள் மட்டும் எப்போதும்போல் தானாகவே வரும். அவை சிறியவை என்பதால் கவலை இல்லை. அதே பகுதியில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் பொத்தானும் இருக்கிறது, அதையும் போட்டுவிடலாம். உரையாடல்களின் நகலை இணையத்தில் சேமிக்கும் 'சாட் பேக்அப்' மொபைல் டேட்டாவில் நடக்காதபடி அணைப்பதையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவோர், அதற்கு எவ்வளவு ஆகிறது என்பதைத் தாங்களே அளந்து பார்க்கலாம்: 'நெட்வொர்க் யூசேஜ்' திரையில் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு, பத்து நிமிடம் பேசிவிட்டு, மீண்டும் அந்தத் திரையைப் பாருங்கள். உங்கள் ஊர் சிக்னலில், உங்கள் கைபேசியில் ஆகும் செலவை அதைவிடச் சரியாக வேறு யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டையும் முடித்த பிறகு கைபேசியின் செட்டிங்ஸில் 'டேட்டா சேவர்' என்ற பொத்தானைப் போடுங்கள். அது போட்டிருக்கும்வரை, திறந்து பார்க்காத செயலிகள் மொபைல் டேட்டாவைத் தொட முடியாது. அதனால் செய்திகள் தாமதமாக வரக்கூடும் என்பதால், விதிவிலக்குப் பட்டியலில் வாட்ஸ்அப்பை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். பட்டியல் நீண்டால் இந்தப் பொத்தானால் பயனில்லை. பிளே ஸ்டோரிலும் செயலிகள் வைஃபையில் மட்டுமே புதுப்பித்துக்கொள்ளும்படி மாற்றிவிடுங்கள்.

கைபேசியே எச்சரித்து நிறுத்தும் 'டேட்டா வார்னிங் அண்ட் லிமிட்' என்ற வசதியைப் பலர் பெரிதும் நம்புகிறார்கள். நம் திட்டங்களுக்கு அது முழுதாகப் பொருந்துவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பொதுவான ஆண்ட்ராய்டில் அந்தக் கணக்கு மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து அடுத்த மாதம் அதே தேதிவரை ஓடுவது. நாம் போடும் ரீசார்ஜோ 28 நாள், அதுவும் ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும் வரம்பு. மாதத்துக்கு 42 ஜிபி என்று எல்லை வைத்தால், இன்று மாலை தீரப்போகும் ஒன்றரை ஜிபியை அது காக்காது. சில நிறுவனங்களின் கைபேசிகளில் நாள் வரம்பு வைக்கும் வசதி உண்டு, இருந்தால் 1.5 ஜிபிக்குப் பதிலாக 1 ஜிபியில் எச்சரிக்கை வையுங்கள். இல்லாதவர்கள் தங்கள் சிம் நிறுவனத்தின் செயலியில் மிச்சத்தைப் பார்ப்பதே சரி. கைபேசியின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் சிறிது வேறுபடும், செல்லுபடியாவது நிறுவனத்தின் கணக்கே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டேட்டா 50, 90, 100 சதவீதம் தீரும்போது நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்திகளை விளம்பரம் என்று எண்ணி அழிக்காதீர்கள். பாதி தீர்ந்த செய்தி காலை பத்து மணிக்கே வந்தால், ஏதோ ஒரு செயலி தின்கிறது என்று பொருள்.

வீடியோவைப் பொறுத்தவரை தரம்தான் எல்லாம். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி குறைந்த தரத்தில் மணிக்குச் சுமார் 0.3 ஜிபியும், எச்டி தரத்தில் 3 ஜிபிவரையும் ஆகும். அதே படத்துக்குப் பத்து மடங்கு. யூடியூப் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்கான தரத்தை 'டேட்டா சேவர்' என்று மாற்றி, அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். உள்ளங்கை அளவுத் திரையில் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: சில திட்டங்களில் 5ஜி வரம்பில்லாமல் கிடைக்கிறது. ஊட்டி நகரத்தில் 5ஜியில் தாராளமாகப் பார்த்துப் பழகியவர், பேருந்து ஏறி 4ஜி மட்டுமே உள்ள ஊருக்கு வரும்போது, அதே தரத்திலேயே வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். நாள் வரம்பின் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

ஐபோன் வைத்திருப்போர், செட்டிங்ஸில் 'மொபைல் டேட்டா' பகுதியில் செயலிவாரிக் கணக்கைக் காணலாம். அது தானாகப் பூஜ்யமாவதில்லை. ரீசார்ஜ் போடும் நாளில் நாமே அழிக்க வேண்டும். 'லோ டேட்டா மோட்' போட்டு, அதே பகுதியின் அடியில் உள்ள 'வைஃபை அசிஸ்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். வைஃபை தளரும்போது சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவுவது அதுதான்.

மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்கள், விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது அளவோடு செலவிட வேண்டியது, என்று குறித்துவிட வேண்டும். இல்லையேல் பெரிய புதுப்பிப்பு ஒன்று ஒரு நாள் டேட்டாவை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். வாகனம் ஓட்டுவோர் கூகுள் மேப்ஸில் நீலகிரி முழுவதையும் வைஃபையில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் சிக்னல் போனாலும் வரைபடம் நிற்காது. நெரிசல் விவரம் மட்டும் தெரியாது.

இவ்வளவையும் செய்த பிறகு, எனக்கு மாலை ஆறு மணிக்குப் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. இருந்தாலும் மழை நாளில் தீர்ந்துபோகலாம். வேகம் குறைந்துவிட்டால் யுபிஐ செயலியே திறக்கத் திணறும் என்பதால், அந்த நேரத்தில் கூடுதல் டேட்டாவை நாமே வாங்குவது கடினம். ஆனால் நம் எண்ணுக்கு வேறு யார் வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம். எந்தத் திட்டத்தைப் போட வேண்டும் என்பதைத் தம்பியிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாதாரண அழைப்பில் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கோயம்புத்தூரிலிருந்தே போட்டுவிடுவான்.