ஸ்டானைட் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஈயச் சுரங்கம் (நம் ஊர் வழக்கில் ஈயம் என்றால் வெள்ளீயம்) என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. 1857-இல் கிள்ளானிலிருந்து ஆற்று வழியே வந்த 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங்கில் ஈயம் தோண்டப் போனதிலிருந்துதான் இந்த நகரமே ஆரம்பிக்கிறது. சுங்கை பீசியில் இன்று நாம் படகில் சுற்றும் ஏரி ஒரு காலத்தில் பெரிய திறந்தவெளிச் சுரங்கம். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு கனிமம் சேர்க்கும் ஆசை வந்தவர்கள், வெள்ளீயம் கலந்த சல்பைடு, அதாவது கந்தகம் சேர்ந்த கனிமம் ஒன்று உண்டு, பெயர் ஸ்டானைட் என்று படித்ததும் உற்சாகமாகிவிடுகிறார்கள். நம் பழைய ஈயக்குட்டைக் கரையில் அள்ளினாலே கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புகிறார்கள். முதல் தவறு இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்ற பல தவறுகள் தானாக விலகிவிடும்.

ஸ்டானைட்டில் இரண்டு செம்பு அணுக்களுக்கு ஒரு இரும்பு, ஒரு வெள்ளீயம், நான்கு கந்தகம் என்ற கணக்கு. எடையில் பார்த்தால் வெள்ளீயம் ஏறக்குறைய 27 சதவீதம்தான். செம்பு அதைவிடச் சற்று அதிகம். நம் நாட்டை உலக ஈயச் சந்தையில் உட்கார வைத்தது இதுவல்ல, கேசிட்டரைட் என்ற ஆக்சைடு. அதில் வெள்ளீயம் 78 சதவீதத்துக்கும் மேல். இரண்டும் கருங்கல் பாறையை ஒட்டிய வெந்நீர்க் கரைசல்களில் பிறப்பவைதான். ஆனால் கந்தகம் மிகுந்து, வெப்பம் குறைந்துகொண்டு வரும் கட்டத்தில்தான் ஸ்டானைட் உருவாகும்.

பிறந்த பிறகு இரண்டுக்கும் நேர்கிற கதி வேறு. கேசிட்டரைட் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. பாறை மக்கிப் போனாலும் அது மணியாக உதிர்ந்து, கனமாக இருப்பதால் ஓடைப் படுகையில் தங்கிவிடும். டூலாங் என்ற மரத்தட்டில் மண்ணை அலசிய பெண்கள் கடைசியில் தட்டின் அடியில் கண்ட கருமணல் அதுதான். ஸ்டானைட்டுக்கு அந்த உடல்வாகு கிடையாது. காற்றும் நீரும் பட்டால் கந்தகம் கரைந்து அமிலமாகப் போகும், செம்பு பச்சைக் கறையாக வெளியேறும், வெள்ளீயம் வார்லமோஃபைட் என்ற மஞ்சளான மண் போன்ற பொருளாக மிஞ்சும். நம் ஊர் மழைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே ஆற்று மணலில் ஸ்டானைட்டைத் தேடுவது வீண் வேலை. அது பாறைக்குள் இருக்கும் பொருள். உடைத்த புதுப் பாறையில்தான் தேட வேண்டும்.

சரி, அமாங்கில் கிடைக்காதா என்று கேட்பார்கள். ஈயம் பிரித்த பிறகு மிஞ்சும் அந்தக் கன மணலில் இல்மனைட், சிர்க்கோன், மோனசைட், செனோடைம் எல்லாம் உண்டு. சில இடங்களில் பளபளக்கும் இரும்புச் சல்பைடுகளான பைரைட்டும், ஆர்சனிக் கலந்த ஆர்சனோபைரைட்டும் கூட வரும். பளபளவென்று ஒரு மணியைப் பார்த்ததும் ஸ்டானைட் என்று எழுதிவிடாதீர்கள். முக்கியமாக, அமாங்கைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கப் பொருள். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அதற்கு இடம் இல்லை.

பாறைக்குள் ஓடிய ஈய நாளங்களை நேரில் புரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் பகாங்கின் சுங்கை லெம்பிங் போய்ப் பார்க்கலாம். 1906 முதல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி நடத்திய நிலத்தடிச் சுரங்கம் அது, 1986-இல் மூடினார்கள். இப்போது அருங்காட்சியகமும், பார்வையாளருக்காகச் சீர்செய்த ஒரு சுரங்கப் பாதையும் இருக்கின்றன. அனுமதித்த பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைவிட்ட சுரங்கத்துக்குள் காற்று கெட்டிருக்கும், மேல்பாறை இளகியிருக்கும். ஒரு கல்லுக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஸ்டானைட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் வேறு: முதலில் விவரிக்கப்பட்ட இங்கிலாந்தின் கார்ன்வால், பொலிவியாவின் ஒருரோ, டாஸ்மேனியாவின் சீஹான், நல்ல படிகங்களுக்குச் சீனாவின் யாவ்காங்சியான். நம்மில் பெரும்பாலோர் கையில் வந்து சேரும் துண்டும் அங்கிருந்து விலைக்கு வந்ததாகத்தான் இருக்கும்.

அப்புறம், அடையாளம் காண்பதில் நடக்கும் தவறுகள். நிறத்தை மட்டும் நம்புவது இதில் பெரியது. ஸ்டானைட்டின் புதிய உடைப்பு எஃகுச் சாம்பல் நிறத்தில் இருக்கும், கூர்ந்து பார்த்தால் இலேசான ஆலிவ் பச்சைச் சாயல் தெரியும். ஆனால் நாள்பட்ட மேற்பரப்பு கறுத்து, சில வேளை நீலம் பூத்துவிடும். அந்த நீலத்தைப் பார்த்து முடிவெடுத்தால் பத்து கனிமங்களோடு குழப்பிக்கொள்வீர்கள். நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஓர் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் புது முகத்தைப் பாருங்கள். பீங்கான் தள ஓட்டின் மெருகு பூசாத பின்பக்கத்தில் தேய்த்தால் ஸ்டானைட் கறுப்புக் கோடு போடும். கேசிட்டரைட் வெளிறிய கோடுதான் போடும், துத்தநாகச் சல்பைடான ஸ்பாலரைட்டின் கோடு பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பு. அடுத்து, ஒரு சாதாரணக் கத்தி முனை. ஸ்டானைட்டின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 4-ஐ ஒட்டியது, கத்தி சுலபமாகக் கீறும். கேசிட்டரைட்டில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். ஆர்சனோபைரைட்டையும் எளிதில் கீற முடியாது, அதன் நிறமும் வெள்ளி போல வெளுப்பாக இருக்கும். கலினா (காரீயச் சல்பைடு) என்றால் சதுரம் சதுரமாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். சாம்பல் நிறத் தளத்துக்குள் ஊசி முனை அளவில் பித்தளை மஞ்சள் புள்ளிகள் சிதறியிருக்கும். அவை சால்கோபைரைட் என்ற செம்பு-இரும்புச் சல்பைடு. ஸ்டானைட் தனியாக வருவது அபூர்வம். சால்கோபைரைட்டோடும் ஸ்பாலரைட்டோடும் பின்னிக்கொண்டுதான் வரும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு முழுக் கல்லுக்கும் சால்கோபைரைட் என்று பெயர் வைப்பவர்களும் உண்டு.

இத்தனை செய்தும், செம்பு கலந்த இன்னொரு சல்பைடான டெட்ராஹெட்ரைட்டிலிருந்து ஸ்டானைட்டைக் கண்ணால் பிரிப்பது கடினம். நிறம், கடினம், கோடு மூன்றும் நெருங்கியவை. கெஸ்டரைட் இன்னும் சிக்கல்: இரும்பு இருக்கும் இடத்தில் துத்தநாகம் மிகுந்தால் அது கெஸ்டரைட், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமும் வேறு. எக்ஸ்-கதிர் ஆய்வோ நுண்பகுப்போ இல்லாமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே வெறும் கண்ணால் பார்த்த கல்லின் சீட்டில் "ஸ்டானைட் எனக் கருதப்படுகிறது" என்று எழுதுவதுதான் நேர்மை. வார இறுதிச் சந்தைகளில் பெரிய, கச்சிதமான படிகத்தை ஸ்டானைட் என்று விற்றால் கொஞ்சம் நிதானியுங்கள். இது பெரும்பாலும் உருவமற்ற திரளாகவோ சிறு மணிகளாகவோதான் கிடைக்கும்.

கெஸ்டரைட் வகைச் சூரியத் தகடுகள் பற்றிப் படித்துவிட்டு, இந்தக் கல்லைத் தோண்டி எடுத்துத்தான் தகடு செய்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த அணு அமைப்பை ஆய்வுக்கூடத்தில் மெல்லிய படலமாகச் செயற்கையாக உருவாக்குகிறார்கள். மலாயா பெயரைத் தாங்கிய மலாயைட்டையும் இதே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பேராக்கில் கண்டெடுத்து 1965-இல் பெயர் சூட்டப்பட்ட மலாயைட்டில் வெள்ளீயம் உண்டு, ஆனால் கந்தகமே கிடையாது. அது ஒரு சிலிகேட், அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். குறுஅலைப் புறஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும், ஸ்டானைட் ஒளிராது.

வாங்கி வந்த கல்லைப் பாதுகாப்பதில்தான் நம் ஊரில் அதிகம் கோட்டை விடுகிறோம். குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே பின்பற்றினால் இங்கே சரிப்படாது. கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 சதவீதம் அளவில் இருக்கும். பைரைட், அதே இரும்புச் சல்பைடின் வேறு வடிவமான மார்க்கசைட் போன்றவை 60 சதவீதத்தைத் தாண்டினாலே சிதைய ஆரம்பிக்கலாம். ஸ்டானைட் ஓரளவு தாங்கும், ஆனால் அதே துண்டில் ஒட்டியிருக்கும் மார்க்கசைட் தாங்காது. வெள்ளைப் பூஞ்சை போலப் பூத்து, கந்தக அமிலம் கசிந்து, அடியில் வைத்த காகிதச் சீட்டைத் தின்றுவிடும். பெட்டியில் பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லையும் அரிக்கும். தண்ணீரில் கழுவி அப்படியே அடுக்காதீர்கள். தூசியை மென்தூரிகையால் தட்டி, நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் உலர்த்தி மறுபடி போடுங்கள். சீட்டைக் கல்லைத் தொடாமல் தனி உறையில் வைத்தால் நல்லது.

சோதிக்கிறேன் என்று வீட்டில் அமிலம் ஊற்ற வேண்டாம். சல்பைடுகள் பல அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம் என்று சிரிக்கிறோம், உண்மையில் அது நச்சு வாயு. அடுப்பில் சூடு காட்டுவது அதைவிட மோசம்: ஆர்சனோபைரைட் ஒட்டியிருந்தால் ஆர்சனிக் புகை வரும். சுத்தியலால் அடிக்கும்போது பூண்டு வாசனை வந்தால் அது ஆர்சனிக் இருப்பதற்கான அறிகுறி. உடனே நிறுத்திவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இந்தக் கற்களைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் மூடிய டப்பாவிலேயே கொடுங்கள்.

கடைசியாக, சீட்டு எழுதும் விஷயம். "மலேசியா" என்று மட்டும் எழுதிய கல்லால் யாருக்கும் பயன் இல்லை. எந்தச் சுரங்கம், எந்த மாவட்டம், யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது, கூட என்னென்ன கனிமம் இருக்கிறது, பெயரை எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தோம் என்பதையெல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். பெரும்பாலான சுரங்கங்கள் மூடிப் போன நாட்டில் புதிதாகப் போய் எடுத்துவர இடம் அரிது. பழைய துண்டும் அதன் சீட்டும்தான் மிஞ்சியிருக்கும் ஆவணம். கல் விற்பவர் ஊரைச் சொல்ல மறுத்தால் அந்த மறுப்பையும் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஊகித்து ஒரு பெயரை மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.