ஒரே லிஸ்ட்டை மூன்று வரிசைகளாக எண்ணிய பிழை

புதிர் ஒன்றுக்கு விடை தேடும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதிக்கொண்டிருந்தபோது, மூன்றுக்கு மூன்று கட்டத்தில் முதல் வரிசையின் நடு எண்ணை 5 என மாற்றினேன். அச்சிட்டுப் பார்த்தால் மூன்று வரிசைகளிலும் நடுவில் 5 நின்றது. ஒரு மாலை முழுவதும் பிழையை லூப்பிலேயே (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் பகுதி) தேடினேன். ஒவ்வொரு வரிசையின் ஐடியையும் (ஒரு பொருளை அடையாளம் காட்டும் எண்) அச்சிட்டபோது மூன்றுக்கும் ஒரே எண் வந்த பிறகுதான் உண்மை விளங்கியது: சுழியங்கள் கொண்ட ஒரு வரிசையை, அதாவது ஒரு லிஸ்ட்டை (மதிப்புகளை அடுக்கி வைக்கும், மாற்றக்கூடிய தொகுப்பு), வெளி லிஸ்ட்டுக்குள் வைத்து அதை 3 ஆல் பெருக்கியிருந்தேன், அந்தப் பெருக்கல் உள்ளிருக்கும் லிஸ்ட்டை நகலெடுப்பதில்லை, அந்த ஒன்றையே மூன்று இடங்களிலிருந்தும் சுட்டுகிறது. வரிசைக்குள் இருக்கும் சுழியங்களுக்கும் இதுவே நிகழ்கிறது என்றாலும், எண் என்பது மாற்ற முடியாத வகை என்பதால் அங்கே தீங்கு நேர்வதில்லை. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் புதிய லிஸ்ட்டை உருவாக்கியதும் கட்டம் சரியாயிற்று.

அடுத்த தடங்கல், பார்த்து முடித்த கட்ட நிலைகளை ஒரு செட்டில் (ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பு) சேர்க்க முயன்றபோது வந்தது. லிஸ்ட்டுக்கு ஹாஷ் (மதிப்பைத் தேட செட் பயன்படுத்தும், அதிலிருந்தே கணக்கிட்ட எண்) கிடையாது என்று டைப்எரர் என்னும் பிழைச் செய்தி எழுந்தது. வெளி லிஸ்ட்டை மட்டும் டப்பிளாக்கியும் (டப்பிள் என்பது லிஸ்ட் போன்ற, ஆனால் மாற்ற முடியாத தொகுப்பு) பயனில்லை, ஏனெனில் உள்ளே லிஸ்ட் இருக்கும்வரை அந்த டப்பிளுக்கும் ஹாஷ் கிடைக்காது. ஒவ்வொரு வரிசையையும் டப்பிளாக்கி, அவற்றை இன்னொரு டப்பிளில் அடுக்கிய பின்பே செட் ஏற்றுக்கொண்டது.