ஷோரூம் வண்டி புதியதுதானா? பெங்களூருவில் கார் வாங்குவோருக்கு ஒரு செய்முறை

என் முதல் காரை ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இரவு எட்டரை மணிக்கு டெலிவரி எடுத்தேன். ஷோரூம் முழுக்க சாமந்திச் சரம், சிவப்புத் துணி போர்த்திய வண்டிகள், வரிசையில் குடும்பங்கள். கேக் வெட்டினோம், அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம், நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து கே.ஆர்.புரத்தில் ஓர் ஆட்டோ பின்பம்பரை உரசியது. பட்டறைக்குக் கொண்டுபோனால், பெயின்டர் பம்பரைப் பார்க்காமல் இடது பின்கதவில் விரலை ஓட்டினார். வாணியம்பாடிக்காரர், இருபது வருடமாக இதே தொழில். "இந்தக் கதவு ஏற்கெனவே பெயின்ட் அடித்தது, சார். எங்கே இடித்தீர்கள்?" என்றார்.

நான் எங்கேயும் இடிக்கவில்லை. கதவு ஓரத்து ரப்பர் பட்டையை விரித்துக் காட்டினார். கறுப்பு ரப்பரில் வெள்ளைப் பெயின்ட் தூவியிருந்தது. ஷோரூமில் போய்ச் சண்டை போட்டேன். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, சார்" என்றார்கள். போட்டிருந்தேன்தான்.

போன நவம்பரில் தங்கை வீட்டில் கார் வாங்கினார்கள். இந்த முறை விடவில்லை. அப்போது செய்ததை அப்படியே எழுதுகிறேன். எந்த மாடல், பெட்ரோலா மின்சாரமா, எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் உங்கள் பாடு.

பணத்துக்கு முன், பதிவுக்கு முன்

சோதனை எப்போது என்பதை முன்பதிவு அன்றே பேசிவிடுங்கள். முன்பணம் மட்டும் கட்டுங்கள். வங்கிக் கடன் ஒப்புதல் ஆகட்டும், ஆனால் பணம் டீலர் கணக்குக்குப் போகக் கூடாது. வண்டியை நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மீதிப் பணம், பதிவு, இன்ஷூரன்ஸ், கூடுதல் பொருத்துதல்கள் எல்லாம் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதற்குப் பதிலும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு விற்பனையாளர் வேறு கிளைக்கு மாறும் வரைதான் செல்லும்.

இதில் பிடிவாதம் ஏன் என்றால், தொழிற்சாலையில் முழுதாகக் கட்டி வரும் கார்களை இப்போது ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை. டீலரே அரசின் 'வாகன்' இணையதளத்தில் பதிவை முடித்துவிடுகிறார். உங்களைத் தவிர வேறு யாரும் அந்த வண்டியை உங்கள் சார்பில் பார்க்கப் போவதில்லை. பதிவாகிவிட்டால் நீங்கள்தான் முதல் உரிமையாளர். கர்நாடகத்தின் வாழ்நாள் சாலை வரியும் கட்டியாகிவிடும். அந்த வரியின் கனம் இங்கே வண்டி வாங்கியவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு 'வேறு வண்டி கொடுங்கள்' என்பது வழக்கு சமாச்சாரம்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணி நல்லது. கழுவிப் பாலிஷ் போட்டு வைக்க வேண்டாம், இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஷோரூம் விளக்கில் என் பழைய சைக்கிள்கூட புதியதாகத்தான் தெரியும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நல்ல டார்ச், பென்சில், மெல்லிய வெள்ளைத் தாள், துடைக்க ஒரு துணி. செல்போன் விளக்கு போதாது. அது பரந்து விழுகிறது, கீறலும் அலையும் தெரியாது. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண எல்இடி டார்ச் போதும். பெயின்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் கொண்டுபோங்கள். நான் அந்த வாணியம்பாடி அண்ணனிடம் இரவல் வாங்கினேன். ஒரே ஒரு காருக்காக மலிவான கருவி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார்ப்பது, விரல் முட்டியால் தட்டிக் கேட்பது போன்ற வித்தைகள் மாவு (புட்டி) பூசிய பழைய வண்டிக்குத்தான் பொருந்தும். மெல்லியதாக மறுபூச்சு அடித்தால் காந்தத்துக்குத் தெரியாது.

சேசிஸ் எண்: நான் சறுக்கிய இடம்

விற்பனையாளர் காட்டும் அச்சடித்த தாளைப் பார்க்காதீர்கள். வண்டியின் உலோகத்தில் குத்தியிருக்கும் அந்த அடையாள எண்ணைப் பாருங்கள். சில வண்டிகளில் முன் இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பில் வெட்டிய மூடிக்குக் கீழே இருக்கும், சிலவற்றில் என்ஜின் அறையின் பின்சுவரில். கையேட்டில் இடம் போட்டிருக்கும். மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும். இந்தியாவில் தயாரான கார் என்றால் எம் என்ற எழுத்தில் தொடங்கும்.

அதற்குள்ளேயே தயாரிப்பு ஆண்டும் மாதமும் ஒளிந்திருக்கின்றன. பல நிறுவனங்களில் பத்தாவது எழுத்து ஆண்டு. எங்கள் வண்டியில் மாதம் பதினொன்றாவது. சில நிறுவனங்கள் அதை வேறு இடத்தில் வைக்கின்றன, வாங்கப்போகும் நிறுவனத்தின் வழக்கத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் சேசிஸ் எண்ணில் கிடையாது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். ஆண்டு வரிசையில் 2022க்கு என்; ஓ இல்லாததால் அதற்கடுத்த எழுத்து 2023; க்யூவும் இல்லை, ஆகவே 2024க்கு ஆர், 2025க்கு எஸ்.

மாதத்துக்கும் அதே கதை. ஏ ஜனவரி. எச் ஆகஸ்ட். ஐ இல்லாததால் ஜே செப்டம்பர், எம் டிசம்பர்.

இதைத்தான் கோட்டைவிட்டேன். டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஹொசகோட்டே பக்கத்து யார்டில் குனிந்து, டார்ச் அடித்து, பதினொன்றாவது எழுத்து ஜே என்று படித்தேன். விரல்விட்டு எண்ணினேன்: ஆங்கில எழுத்து வரிசையில் பத்தாவது, அக்டோபர். விற்பனையாளரோ செப்டம்பர் என்று சொல்லியிருந்தார். "மாதத்திலேயே பொய்யா?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் ஆம்பூர்ப் பையன், அதுவரை வாய் நிறைய 'அண்ணா' என்று கூப்பிட்டவர், அதன் பிறகு 'சார்' என்றுதான் பேசினார். பொய் சொல்பவன் வண்டியைப் பழையதாக்கியா சொல்வான் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. கூட வந்த மாப்பிள்ளை போனில் தேடிப் பார்த்து என் காதில் சொன்னார். தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். இன்னொன்று: புள்ளி புள்ளியாகக் குத்திய எண்ணில் எஸ் என்பதும் 5 என்பதும் ஒன்றுபோல இருக்கும். துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

படித்து முடித்ததும் அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒற்றி எடுங்கள். கடன் கொடுக்கும் வங்கிகள் கேட்கும் அதே ஒற்றுதான். உங்களுக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

தயாரித்து இரண்டு, மூன்று மாதம் ஆன வண்டி என்றால் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றது என்றால் விலை குறைய வேண்டும். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் வாங்கினால், விற்கும் நாளில் அது போன வருடத்து வண்டிதான். ஆர்சியில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டீலர் இதைச் சொல்லிவிட்டு, விலையும் குறைத்துக் கொடுத்தால் அதில் மோசடி ஒன்றும் இல்லை.

வீடு கட்டிய பிறகா செங்கல் சுடுவார்கள்?

உதிரிபாகங்களின் தேதியைப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும். வண்டியில் உள்ள ஒவ்வொரு பாகமும் வண்டியைவிடச் சற்று மூத்ததாக இருக்க வேண்டும். இளையதாக இருந்தால் பிறகு மாற்றியது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2925 என்றால் 2025ஆம் ஆண்டின் 29ஆவது வாரம், அதாவது ஜூலை. செப்டம்பர் வண்டிக்கு ஜூலை டயர் சரி, நவம்பர் டயர் என்றால் கேள்வி கேளுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து எல்லா டயர்களையும் பாருங்கள். புது டயரில் முடி போன்ற ரப்பர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் தேதிச் சீட்டு இருக்கும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு நிறுவனம், வேறு குறியீடு என்றால் அது உடைந்து மாற்றியதாக இருக்கலாம்.

பிரேக் தட்டில் செந்நிறத் துரு கண்டால் பதற வேண்டாம். ஒரு மழைக்கே அது பிடிக்கும், நான்கு முறை பிரேக் அழுத்தினால் போய்விடும்.

ஓடிய தூரத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ஹொசகோட்டேயிலிருந்து நகருக்குள் வரவே சுமார் 25 கிலோமீட்டர். 50க்குள் இருந்தால் சரி. 100க்கு மேல் என்றால் யார் ஓட்டியது என்று கேளுங்கள். ஒருவேளை சோதனை ஓட்டத்துக்குப் பயன்பட்ட வண்டியாக இருக்கலாம். பெடல் ரப்பரும், ஓட்டுநர் இருக்கையின் வெளியோர மடிப்பும் அந்த மீட்டரைவிட உண்மை பேசும்.

பெயின்டும் போல்ட்டும்

வண்டியின் பக்கவாட்டில் நின்று, டார்ச்சைச் சாய்த்து, வெளிச்சத்தின் பிரதிபலிப்பை ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நகர்த்துங்கள். எல்லாத் தகட்டிலும் ஒரே மாதிரி நெளிய வேண்டும். ஒன்று மட்டும் ஆரஞ்சுத் தோல் போலவோ, மாறாக அளவுக்கு மீறி வழுவழுவென்றோ இருந்தால் அங்கே நில்லுங்கள். அளவுக் கருவி இருந்தால் தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 80 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். எண்ணைவிட ஒப்பீடு முக்கியம்: மூன்று கதவுகள் 110, ஒன்று 230 என்றால் அந்த ஒன்றுக்கு ஒரு கதை இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

பிறகு பானெட், கதவு, முன் மட்கார்டு போல்ட்டுகள். ஸ்பேனர் பட்ட போல்ட்டின் மூலைகளில் பெயின்ட் உரிந்திருக்கும். கதவு ஓரத்து ரப்பரை விரித்துப் பெயின்ட் தூறல் இருக்கிறதா என்று பாருங்கள். என் முதல் வண்டியில் இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர் பக்கம் தண்ணீர் நின்ற கோலமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதும் மறந்திருக்காது. கதவைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் மணம் வர வேண்டும், ஈரச் சாக்கு வாடை வரக் கூடாது. தரைவிரிப்புக்கு அடியில் கை விடுங்கள். ஸ்டெப்னிக் குழியில் வண்டலும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தாள்கள்

விற்பனைச் சான்றான படிவம் 21இல் சேசிஸ் எண், என்ஜின் எண்ணோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று படிவம் 22. இரண்டையும் இன்வாய்ஸையும் உங்கள் பென்சில் ஒற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே அழைத்து, இந்த எண்ணுள்ள வண்டியில் பழுதுபார்ப்பு ஏதும் பதிவாகியிருக்கிறதா, ஏற்கெனவே யார் பெயரிலாவது விற்றதாகக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

டெலிவரி நாளில் நாங்கள் ஒற்றுத் தாளோடு போனோம். அலங்கரித்து நின்ற வண்டி அதே நிறம், அதே மாடல். குனிந்து பார்த்தால் கடைசி நான்கு இலக்கம் வேறு. மாத எழுத்து சி. மார்ச் வண்டி! "இரண்டும் ஒன்றுதான், சார்" என்று தொடங்கிய மேலாளர், கால் மணி நேரத்தில் பதினைந்தாயிரம் குறைப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை என்னைத் தனியே அழைத்து, "மச்சான், நல்ல நேரம் முடிகிறது, எடுத்துவிடலாமா?" என்றார். தங்கைதான் மேலாளரைப் பார்த்து, "நாங்கள் பார்த்த வண்டி எங்கே?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேறொருவருக்குத் தவறுதலாக ஒதுக்கிவிட்டார்களாம். மூன்று நாளில் அதே செப்டம்பர் வண்டி வந்தது. மைசூரு சாலை காளி ஆஞ்சநேயர் கோயிலில் பூஜையும் போட்டாயிற்று.

கையெழுத்துப் போடும்போது, கண்ட குறைகளை டெலிவரித் தாளிலேயே எழுதி, அவர்கள் முத்திரையோடு நகல் வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பின்சேர்க்கை, வாசகர் கருத்துகளுக்குப் பிறகு

யார்டுக்குள் வெளியாட்களை விட மாட்டோம் என்கிறார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விடாவிட்டால் போகட்டும், வண்டியை ஷோரூம் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பதிவுக்கு முன் என்பதில் மட்டும் இறங்கிவராதீர்கள்.

ஒருவர் கேட்டது நான் யோசிக்காத விஷயம்: உத்தரவாதம் தொடங்கும் தேதி. மாத இலக்கை எட்டுவதற்காக, நிற்கும் வண்டியை விற்றதாகக் கணக்கில் ஏற்றிவிடுவது உண்டு. அப்படியானால் உத்தரவாதம் உங்களுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். டெலிவரி எடுத்த வாரமே நிறுவனத்தின் செயலியில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

மின்சாரக் கார் வாங்கிய ஒருவருக்கு, நீண்ட நாள் நின்றதால் 12 வோல்ட் பேட்டரி இறங்கி, முதல் வாரமே கதவு திறக்கவில்லையாம். பெரிய பேட்டரியின் சதவீதத்தைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். அந்தச் சின்ன பேட்டரியின் மேலும் தேதி இருக்கும்.

பென்சில் ஒற்று எதற்கு, போட்டோ போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நீங்களே எடுத்த போட்டோ என்றால் போதும். எங்களுக்கு யார்டிலிருந்து வாட்ஸ்அப்பில் முதலில் வந்த சேசிஸ் படம் வேறொரு வண்டியுடையது.