மூக்கில் மணி, காதில் கொட்டை: வீட்டில் செய்யக்கூடாதவை

எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பாசிமணி, வேர்க்கடலை, புளியங்கொட்டை, ரப்பர் துண்டு என்று எதையாவது திணித்துக்கொண்ட குழந்தைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சின்னப் பொருளைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாட்டிய பிறகு நடக்கும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

ஹேர்பின்னால் நோண்டுவது

அண்மையில் வந்த மூன்று வயதுப் பையனுக்கு, பாசிமணி மூக்கு வாசலிலேயே தெரிந்திருக்கிறது. பாட்டி ஹேர்பின்னால் நோண்டினார். சித்தப்பா புருவ இடுக்கியை விட்டார். அப்புறம் தெருமுனைக் கிளினிக்கிலும் ஒரு முயற்சி. எங்களிடம் வந்தபோது மூக்கு வீங்கி ரத்தம் கசிந்தது, மணி கண்ணுக்கே தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தோம். நேரே வந்திருந்தால் ஒரு நிமிட வேலை!

மணி உருண்டை, வழவழப்பு. இடுக்கி பிடிக்கப் பிடிக்க வழுக்கும். வழுக்கும்போதெல்லாம் மணி உள்ளே போகும். பின்பக்கமாகத் தொண்டைக்கு விழுந்தால் மூச்சுக்குழாயில் அடைக்கலாம். நாங்கள் முனை வளைந்த கொக்கியை மணிக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து முன்னால் இழுக்கிறோம். காதில் நோண்டுவது இன்னும் மோசம். உட்பகுதியில் எலும்பை ஒட்டி மெல்லிய தோல்தான், தொட்டாலே வலிக்கும். குழந்தை துள்ளினால் செவிப்பறை கிழிந்துவிடும்.

குழந்தை நம்பி உட்காருவது முதல் தடவை மட்டும்தான். அந்த வாய்ப்பை வீட்டிலேயே வீணாக்கிவிட்டு வருவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. புதிய பயிற்சி மருத்துவர்களும் கையில் கிடைத்த இடுக்கியோடு பாய்கிறார்கள். ஒரு தடவை வழுக்கினால் நிறுத்திவிட்டு மூத்தவரைக் கூப்பிடச் சொல்கிறேன்.

சரி, வீட்டில் ஒன்றுமே செய்யக்கூடாதா? மூக்கில் மாட்டியிருந்தால் ஒரு வழி உண்டு. அடைபடாத துளையை விரலால் மூடி, குழந்தையின் வாயோடு தாய் வாய் பொருத்தி, முத்தம் கொடுப்பதுபோல ஒரே மூச்சாகச் சட்டென்று ஊத வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1965-இல் விவரித்த முறை இது. சுமார் 10 பேரில் 6 பேருக்குப் பலிக்கிறது. பலிக்கவில்லையா, கிளம்புங்கள்.

பட்டன் பேட்டரியைக் காலைவரை விடுவது

பொத்தான் போன்ற இந்த வட்டப் பேட்டரி மூக்கிலோ காதிலோ மாட்டினால், ஈரம் பட்டதும் அதைச் சுற்றிக் காரம் (அல்கலி என்னும் ரசாயனம்) உருவாகி, சதையை அரிக்கத் தொடங்கும். 2 மணி நேரத்திலேயே புண்ணாகலாம். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்த குழந்தைகள் உண்டு. நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். சொட்டு மருந்தோ உப்புநீரோ விடாதீர்கள், அந்த ஈரமே கேடு. ரிமோட்டின் பின்மூடி திறந்து கிடந்தாலும் இதைச் சந்தேகப்படுங்கள். இரண்டு துளைகளிலும் காந்தம் இருந்தால் அவை நடுச்சுவரை நசுக்கும். அதற்கும் இதே அவசரம்.

காதில் கண்டதை ஊற்றுவது

பயறோ கொட்டையோ இருந்தால் தண்ணீர் விடவே கூடாது, ஊறிப் பருத்துவிடும். எண்ணெய் உயிருள்ள பூச்சிக்கு மட்டும். அதுவும் காதில் சீழோ ஓட்டையோ இல்லாவிட்டால்தான்.

சளி என்று விட்டுவிடுவது

ஒரு துளையில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றே முதலில் நினையுங்கள்.

ஒன்றை எடுத்ததும் கிளம்புவது

மற்றத் துளையையும் இரண்டு காதுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.