வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்: பாகங்கள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகப் படம் ஏற்றும் வசதி நின்றுபோனது. ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்ந்து 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். மீறினால் பணம் கட்ட வேண்டும். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் என்று சேர்ந்துகொண்டே போகும் வீடுகளில், ‘நாமே ஒரு சர்வர் போட்டுவிட்டால் என்ன?’ என்ற எண்ணம் வருவது இயல்பு. நல்ல எண்ணம்தான். வீட்டில் எல்லோருடைய ஃபைல்களையும் வைத்துக்கொண்டு, நெட்வொர்க் வழியே எடுத்துத் தரும் கம்ப்யூட்டர்தான் சர்வர். சில ஹார்டு டிஸ்க்குகள், ஒரு சாதாரண மதர்போர்டு, ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருள், படங்களைச் சேமித்துப் பார்க்க இம்மிச் என்ற மென்பொருள். இவ்வளவு இருந்தால் போதும்.

சிக்கல் கடையில் தொடங்குகிறது. கேமிங் பிசி அசெம்பிள் செய்யும் அதே பழக்கத்தில் முதலில் பிராசஸரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஹார்டு டிஸ்க்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்குகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையால் வருபவை. சேமிப்பு சர்வரில் முதலில் டிஸ்க், அடுத்து அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், அப்புறம் யூபிஎஸ். பிராசஸரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பிராசஸருக்குக் கொட்டும் பணம்

நான்கைந்து பேருக்கு ஃபைல் எடுத்துக் கொடுப்பது ஒரு பிராசஸருக்கு வேலையே இல்லை. 2023இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் டிடிபி (நிறுவனம் குறிப்பிடும் சூட்டு அளவு) கொண்டது. அதுவே ஃபைல் பகிர்வு, போட்டோ பேக்கப், ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் வழியே வீடியோ எல்லாவற்றையும் சமாளிக்கும். 8ஆம் தலைமுறை ஐ3 கிடைத்தாலும் போதும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில், இன்டெலின் ஜியான் சர்வர் பிராசஸர் இரண்டு கொண்ட பழைய சர்வர்கள் விலை மலிவாகக் கண்ணில் படும். அதில் மயங்க வேண்டாம். சும்மா இருக்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுப்பவை அவை. 24 மணி நேரமும் ஓடும் பெட்டிக்கு இரண்டு மாதக் கணக்கு போட்டுப் பாருங்கள்: 100 வாட் என்றால் 144 யூனிட், 30 வாட் என்றால் 43 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில் அந்த 144 சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு அதன் ஃபேன் சத்தம் ஹாலில் உட்கார விடாது.

இன்னொரு சின்ன விஷயம். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் (12100எஃப் போல) உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று வாங்கினால், திரையில் எதையாவது பார்க்கவே தனி கார்டு போட வேண்டிவரும். வீடியோவைப் பார்க்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தரும் குயிக் சிங்க் வசதியும் போய்விடும்.

அலுவலகங்களிலிருந்து லீஸ் முடிந்து வரும் டெல், ஹெச்பி, லெனோவோ டெஸ்க்டாப்களை நான் மனதார சிபாரிசு செய்வேன், ஆனால் உள்ளே திறந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஒல்லியான மாடல்களில் பெரும்பாலும் ஒரு 3.5 அங்குல டிஸ்க்குக்குத்தான் இடம். எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவு, தனி பின் அமைப்பு. டிஸ்க்குக்கான மின்சாரம் மதர்போர்டிலிருந்தே ஒன்றிரண்டு இணைப்புகளாக வரும். நான்கு டிஸ்க் கனவோடு இதை வாங்கினால் எதுவும் பொருந்தாது. இரண்டு டிஸ்க் போதும் என்பவர்கள் டவர் மாடலாகப் பார்த்து வாங்கலாம்.

டிஸ்க்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஹார்டு டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. சிஎம்ஆரில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக எழுதப்படும். எஸ்எம்ஆரில், ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதைப் போல, தடங்கள் ஒன்றையொன்று தொட்டு மூடியிருக்கும். அதே தட்டில் அதிகம் அடைக்கலாம். தயாரிப்புச் செலவும் குறையும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால், அதை ஒட்டியிருக்கும் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாளில் டிஸ்க் இதை ஓய்வு நேரத்தில் சத்தமில்லாமல் செய்துவிடும். ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி வைக்கும் அமைப்பு) ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க்கைப் போட்டு மறுபடி நிரப்பும்போது ஓய்வு நேரமே கிடைக்காது. மணிக்கணக்கில் முடிய வேண்டிய வேலை நாள்கணக்கில் இழுக்கும். சில நேரம் டிஸ்க் பதில் சொல்லாமல் போய், ‘இதுவும் பழுது’ என்று மென்பொருள் அதை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருக்கும் டிஸ்க்குகளை நம்பி முழுத் தரவும் நிற்கும் நேரம் அது.

2020 ஏப்ரலில் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. நாஸ் எனப்படும் சேமிப்பு சர்வர்களுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று அப்போதுதான் நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. அந்த மாடல் எண்கள் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும். அதே எழுத்துகளில் முடியும் 8 டிபி மாடலோ சிஎம்ஆர்! அதனால் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. அதன்பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். சீகேட்டில் அயன்வுல்ஃப் சிஎம்ஆர். டெஸ்க்டாப்புக்கான 4 டிபி, 8 டிபி பாராகுடா எஸ்எம்ஆர். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றால் சிரித்துவிட்டு, பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் டேட்டாஷீட்டில் போட்டுப் பாருங்கள். சிசிடிவிக்கென விற்கும் டிஸ்க்குகளுக்கும் இதே சோதனைதான். அவை நாள் முழுக்க ஓடவே செய்யப்பட்டவை. சிஎம்ஆராக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

வாரண்டியையும் அங்கேயே பாருங்கள். சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் எந்தத் தேதி வரை, எந்த நாட்டில் செல்லும் என்று வந்துவிடும். வெளிநாட்டுச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். பழுதானால் இங்கே மாற்றித் தர மாட்டார்கள்.

பழைய டிஸ்க்கைப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், புதிதென்று வாங்கிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ‘ஓடிய நேரம்’ என்ற எண்ணை அழித்து சுழியத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு உள் பதிவு உண்டு. மோசடியை அதுதான் காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்க முடியும். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள். தெரிந்தே செகண்ட் ஹேண்ட் வாங்குவது தவறில்லை, விலை அதற்கேற்றபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை டிஸ்க்? மூன்று நான்கு சிறிய டிஸ்க்கை ரெய்டு 5இல் (ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் வகை) போடுவதைவிட, இரண்டு பெரிய டிஸ்க்கை மிரராக (இரண்டிலும் ஒரே நகல்) போடுவது பெரும்பாலான வீடுகளுக்கு நல்லது என்பது என் கருத்து. கரண்ட் குறைவு, சூடு குறைவு, போர்ட் மிச்சம், பழுதானால் மாற்றுவதும் எளிது. அந்த இரண்டையும் ஒரே கடையில் ஒரே பேட்ச்சில் எடுக்காமல் இரு இடங்களில் எடுங்கள். ஒரே பேட்ச்சில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் போகக்கூடும்.

போர்ட் கணக்கு

மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட் நான்கு இருக்கிறது என்று படம் காட்டும். மேனுவலைத் திறந்தால், ‘எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது’ என்று சின்ன எழுத்தில் இருக்கலாம். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

போர்ட் போதாதபோது மதர்போர்டில் செருகி போர்ட்டைக் கூட்டும் மலிவான பிசிஐஇ கார்டுகள் ஆன்லைனில் தென்படும். சிப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். ஏஎஸ்எம்1166 (6 போர்ட்), ஜேஎம்பி585 (5 போர்ட்) இரண்டும் வீட்டுக்குப் போதுமானவை. 10, 16 போர்ட் என்று சொல்லும் கார்டுகள் பலவற்றில் ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் மல்டிபிளையர் சிப் இருக்கும். ஒரு டிஸ்க் தடுமாறினால் கூடவே மற்றவையும் காணாமல் போகும். எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற பழைய சர்வர் கார்டுகள் உறுதியானவை, ஆனால் தானே ரெய்டு செய்யாமல் டிஸ்க்குகளை அப்படியே காட்டும் ‘ஐடி மோடு’ ஃபர்ம்வேர் (கார்டின் உள் மென்பொருள்) இருக்க வேண்டும், காற்றும் அடிக்க வேண்டும். சாதாரண கேபினட்டில் அவை கையை வைக்க முடியாதபடி சூடாகும்.

யூஎஸ்பி பெட்டிகளில் டிஸ்க் போட்டு ரெய்டு அமைக்காதீர்கள். இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் ரெய்டு உடைந்ததாகக் கணக்கு.

எஸ்எம்பிஎஸ்

கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது தருவது 168 வாட்தான். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் 8 ஆம்பியர். ஓடத் தொடங்கியபின் ஒவ்வொன்றும் 5 முதல் 8 வாட்டில் அடங்கிவிடும். அதனால் 750 வாட் தேவையில்லை. 80 பிளஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத திறன்) சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 400, 450 வாட் போதும்.

இதைவிட ஆபத்தானது கேபிள். ஒரு சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 4.5. அந்த ஒற்றை முனையில் ஸ்ப்ளிட்டர் மாட்டி நான்கு டிஸ்க் ஓட்டினால், கிளம்பும்போது 8 ஆம்பியர் அந்தச் சின்ன பின்கள் வழியே போக வேண்டும். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான அடாப்டர்களில், கம்பிகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய வகையைத் தொடவே வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று நெருங்கி, நாளடைவில் ஷார்ட்டாகி எரிந்த சம்பவங்கள் ஏராளம். எஸ்எம்பிஎஸ்ஸிலேயே போதுமான சாட்டா முனைகள் இருக்கும்படி வாங்குவதுதான் சரி.

கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொன்று: வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இதில் செருகக் கூடாது. முனை ஒரே மாதிரி இருக்கும், பொருந்தியும் விடும். பின் வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் செத்துவிடும்.

‘வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கே’

பல இன்வெர்ட்டர்கள் சாதாரண நிலையில் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பின்னால் யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரோடு மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்றுள்ள இன்றைய ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சில ஒத்துப்போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பல மணி நேரம் நீடிக்கும். தனி யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்கத் தேவையில்லை. சர்வரை முறையாக அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது யார் அணைப்பது? யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி டேட்டா போர்ட் இருந்தால் நட் என்ற மென்பொருள் தானே அணைத்துவிடும். ஆரம்ப விலை 600 விஏ மாடல்கள் பலவற்றில் அந்தப் போர்ட் இருக்காது. கொஞ்சம் கூடப் போட்டாலும் போர்ட் உள்ளதையே வாங்குங்கள்.

ரேம், நெட்வொர்க், கேபினட்

இணையத்தில் அடிக்கடி சொல்லப்படும் ‘1 டிபி டிஸ்க்குக்கு 1 ஜிபி ரேம்’ என்ற விதியை வீட்டு சர்வருக்குப் பின்பற்றத் தேவையில்லை. 8 ஜிபியில் தொடங்கலாம், 16 தாராளம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இதில் அளவோடு இருப்பது நல்லது. பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் நல்லதே, அதற்காக டிஸ்க் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

நெட்வொர்க்கில் பலர் கவனிக்காதது ரவுட்டர். இணைய நிறுவனம் தரும் சில ரவுட்டர்களில் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ்தான். அதில் நொடிக்கு 11 எம்பி போகும். 1 டிபி படங்களை ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். கிகாபிட் போர்ட்டில் அதே வேலை இரண்டரை மணி நேரம். ஒரு சின்ன கிகாபிட் ஸ்விட்ச் போட்டால் தீர்ந்தது. கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்திருந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம், அதையும் பாருங்கள்.

கண்ணாடிக் கேபினட்டில் டிஸ்க்குக்கு இரண்டே இடம்தான் இருக்கும், முன்னால் காற்றும் வராது. பழைய பாணிக் கேபினட்டில் டிஸ்க்குகளுக்கு நேர் முன்னே ஒரு 120 எம்எம் ஃபேன் இருந்தால் அதுவே சிறந்தது. மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரியில் இருக்கும். காற்றில்லாத டிஸ்க் சுலபமாக 50ஐத் தொடும். 45க்குள் வைத்திருக்கப் பாருங்கள். பரண், மூடிய டிவி அலமாரி இரண்டும் வேண்டாம்.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் டிஸ்க்

ரெய்டு, ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு மட்டுமே. தவறி அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும், இடி விழுந்தாலும் அப்படித்தான். அதனால் ஆரம்பப் பட்ஜெட்டிலேயே பேக்கப்புக்கு ஒரு வெளி டிஸ்க் இருக்க வேண்டும். பணம் போதவில்லை என்றால் சர்வரின் கொள்ளளவைக் குறைத்து இதை வாங்குங்கள். மாதம் ஒருமுறை நகலெடுத்து அக்கா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ வைத்தால் போதும். இந்த வேலைக்கு மட்டும் மலிவான எஸ்எம்ஆர் டிஸ்க் பரவாயில்லை.

எல்லாம் வந்தபின் உடனே படங்களை ஏற்றாதீர்கள். முதலில் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் (டிஸ்க் தன்னைத்தானே முழுதும் சோதிப்பது), அப்புறம் பேட்பிளாக்ஸ் என்ற கருவியால் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனை. பேட்பிளாக்ஸ் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் என்பதால் காலி டிஸ்க்கில் மட்டும் ஓட்ட வேண்டும். 4 டிபிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் பழுதான பகுதிகளைக் கணக்கிடும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களின் மூல மதிப்பும் சுழியமாக இருக்க வேண்டும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தரவுப் பிழையைக் கணக்கிடும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறை இருக்காது, சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். மற்ற மூன்றில் எது ஏறினாலும், கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பில்லோடு கிளம்புங்கள்.